விலைபோகாத இசைத்தட்டுகள்

கேள்வி: ஈகிள்ஸ் குழுவின் ‘தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பு கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது. கன்ட்ரி-ராக், ஃபோக்-ராக் வகையில் அதைத் தாண்டித் தேடிக் கேட்க வேண்டிய ஆல்பங்கள் உண்டா? வெளிவந்த காலத்தில் எவரும் வாங்காத தட்டுகளைப் பிற்பாடு ‘கிளாசிக்’ என்று தூக்கிப்பிடிப்பது விமர்சகர்களின் வீம்பு என்றே எனக்குப் படுகிறது.
— வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. ஆனால் வீம்பு பற்றிய உங்கள் குற்றச்சாட்டை முதலில் தீர்த்துக்கொள்வோம். 1976இல் வந்த அந்தத் தொகுப்புக்கு, 2018இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கம் 3 கோடியே 80 லட்சம் என்ற கணக்கில் சான்றளித்தது. கணக்கையும் நான் மறுக்கவில்லை, அந்தப் பாடல்கள் செம்மையாகக் கட்டப்பட்டவை என்பதையும் மறுக்கவில்லை. ஒரு தட்டு வெளிவந்தபோது கடைக்கு யார் வந்தார்கள், யார் வர மறுத்தார்கள் என்பதை விற்பனைக் கணக்கு சொல்லும். தட்டில் இருப்பது என்ன என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பேர்ட்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் பாப் டிலனின் பாடல் ஒன்றை மின்கிதார்களோடு பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்கள் அவர்கள். நாட்டுப்பாடலை ராக் இசையோடு கலக்கும் ஃபோக்-ராக் என்ற பெயர் ஊரெங்கும் புழங்கியதற்கு அந்தப் பாடலும் ஒரு காரணம். அதே குழு 1968 ஆகஸ்டில் வெளியிட்ட ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ பில்போர்டு இதழின் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 77ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. வியட்நாம் போர் அமெரிக்காவை இரண்டாகப் பிளந்திருந்த ஆண்டு அது. கன்ட்ரி என்றாலே போரை ஆதரிக்கும் தெற்கத்திப் பழமைவாதிகளின் பாட்டு என்று ராக் ரசிகர்களான இளைஞர்கள் முகம் திருப்பினார்கள். முடி வளர்த்த கலிஃபோர்னியக்காரர்கள் பாடுவது கன்ட்ரியே அல்ல என்று கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் முகம் திருப்பியது. அவ்வாண்டு மார்ச்சில், நாஷ்வில்லின் ரைமன் அரங்கிலிருந்து ஒலிபரப்பாகிவந்த கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில் அவர்கள் மேடையேறியபோது கூட்டத்திலிருந்து ஏளனக் குரல்கள் எழுந்தன. கன்ட்ரிப் பாடகர் மெர்ல் ஹாகார்டின் பாடல் வரவேண்டிய இடத்தில், குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த 21 வயது கிராம் பார்சன்ஸ், தம் பாட்டிக்குக் காணிக்கை என்று சொல்லித் தாம் எழுதிய ‘ஹிக்கரி விண்ட்’ பாடலைப் பாடிவிட்டார். நிகழ்ச்சியை நடத்தியவர்கள் கொதித்துப்போனார்கள். இரு தரப்பாருக்கும் வேண்டாதவர்களாகிவிட்ட ஒரு குழுவின் தட்டை அந்த ஆண்டு யார் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இத்தனைக்கும் அது குறையற்ற ஆல்பம் அல்ல. பார்சன்ஸ் ஏற்கெனவே வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் வழக்கு வரும் என்ற அச்சம் எழுந்தது. அவர் பாடிப் பதிவான சில பாடல்களில் அவர் குரலை நீக்கிக் குழுத் தலைவர் ரோஜர் மெக்வின் பாடினார். லூவின் சகோதரர்களின் ‘தி கிறிஸ்டியன் லைஃப்’ பாடலில் மெக்வின் வரவழைத்துக்கொண்ட தெற்கத்தி உச்சரிப்பு இன்றும் என் காதில் உறுத்துகிறது. பார்சன்ஸ் பாடிய வடிவங்கள் பிற்காலப் பதிப்புகளில் சேர்க்கப்பட்டிருப்பதால், அத்தகைய பதிப்பையே தேடிக் கேளுங்கள். முதல் பாடலின் தொடக்கத்தில் லாய்ட் கிரீன் வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிதாரையும் கவனியுங்கள். ஹவாய் கிதாரின் வழிவந்த கருவி அது. ஒரு கை கம்பிகளின் மேல் உலோகத் துண்டை இழைத்துக்கொண்டிருக்க, காலாலும் முழங்காலாலும் கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்குவார்கள்.

பேர்ட்ஸை விட்டு விலகிய பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மனும் ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ் என்ற பெயரில் 1969 பிப்ரவரியில் கொண்டுவந்த ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’ இன்னும் மோசமாக, 164ஆம் இடத்தோடு நின்றுபோனது. இந்த ஒரு தட்டுக்காக நான் யாரோடும் வாதாடத் தயார். அதில் பெடல் ஸ்டீல் வாசித்த ‘ஸ்னீக்கி’ பீட் கிளைனோ பொம்மைகளை அசைத்துப் படமாக்கும் அனிமேஷன் தொழிலில் இருந்தவர். நாஷ்வில்லின் நயநாகரிகம் எதையும் பொருட்படுத்தாமல், ராக் கிதாருக்கான ஃபஸ் கருவியில் பெடல் ஸ்டீலைச் செருகி, அதைக் கீறலோடும் கரகரப்போடும் ஒலிக்கவைத்தார். அதைவிடத் துணிச்சலானது, அரீத்தா ஃபிராங்க்ளினும் ஜேம்ஸ் காரும் பாடிய, கறுப்பர் இசையான ‘சோல்’ வகைப் பாடல்கள் இரண்டை இந்த வெள்ளையர்கள் ஒரு சொல்லும் விளக்கம் தராமல் கன்ட்ரிப் பாடல்களாகவே பாடியிருப்பது. கறுப்பர் கடைக்கு ஒரு தட்டு, வெள்ளையர் கடைக்கு ஒரு தட்டு என்று தொழில் நடந்துகொண்டிருந்த நாட்டில், இரண்டும் ஒரே மண்ணில் விளைந்தவை என்பதைக் காட்ட அந்த இரண்டு பாடல்கள் போதும். பார்சன்ஸ் 26 வயதில் இறந்ததும், அவருடைய உடலை நண்பர்கள் எடுத்துச் சென்று பாலைவனத்தில் எரித்ததும் அவரைச் சுற்றி ஒரு புராணத்தையே வளர்த்துவிட்டன. உங்கள் வீம்புக் குற்றச்சாட்டு அந்தப் புராணத்துக்குப் பொருந்தும். சேர்ந்து எழுதி, சேர்ந்து பாடி, பின்பு உயிரோடும் இருந்துவிட்ட ஹில்மனை விமர்சகர்கள் பாதிகூடப் பேசுவதில்லை.

ஈகிள்ஸுக்கு வருவோம். அக்குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பெர்னி லெடன் அதற்குமுன் இதே பரிட்டோ பிரதர்ஸில் இருந்தவர். அதற்கும் முன்பு, பேர்ட்ஸிலிருந்து விலகிய ஜீன் கிளார்க்கும் பாஞ்சோ கலைஞர் டக் டில்லர்டும் 1968இல் வெளியிட்ட ‘தி ஃபென்டாஸ்டிக் எக்ஸ்பெடிஷன் ஆஃப் டில்லர்ட் அண்ட் கிளார்க்’ ஆல்பத்தில் வாசித்தவர். கிளார்க்கும் லெடனும் சேர்ந்து எழுதிய ‘டிரெய்ன் லீவ்ஸ் ஹியர் திஸ் மார்னிங்’ பாடல் அந்த ஆல்பத்திலும் இருக்கிறது, ஈகிள்ஸின் 1972 முதல் ஆல்பத்திலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பின்னதில் குரல்கள் அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முன்னதில், எங்கே போகிறோம் என்று தெரியாத ஒருவர் பாடுகிறார். எனக்கு முன்னதே போதும்.

விற்காததெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். தி பேண்ட் குழு தன் பெயரிலேயே 1969இல் வெளியிட்ட ‘தி பேண்ட்’ ஆல்பம் நன்றாகவே விற்றது. நான்கு கனடாக்காரர்களும் ஆர்கன்சாவைச் சேர்ந்த லெவன் ஹெல்மும் சேர்ந்து அமெரிக்கத் தெற்கைப் பற்றிச் செய்த அதற்கு நிகரான தட்டு இன்றுவரை என் காதுக்கு எட்டவில்லை. கிரேட்ஃபுல் டெட் குழு 1970இல் தந்த இரண்டு ஆல்பங்களும் அப்படியே.

இங்கிலாந்தில் கதை வேறு. 1969 மே மாதம், நிகழ்ச்சி முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் வண்டி எம்1 நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானதில் டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிளும், உடன் வந்த ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் ஹாம்ப்ஷயர் கிராமம் ஒன்றில் வீடெடுத்துத் தங்கி, பழைய அமெரிக்கச் சாயலை உதறிவிட்டு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களை ராக் இசையில் பாடப் பழகினார்கள். பாஸ் கிதார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனின் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பழைய பாடல்களைத் தேடிப் படித்தார். அவ்வாண்டு டிசம்பரில் ‘லீஜ் அண்ட் லீஃப்’ வந்தது. அதில் எட்டு நிமிடம் நீளும் ‘மாட்டி குரோவ்ஸ்’ பாடலில், பிரபுவின் மனைவி ஓர் எளிய இளைஞனை விரும்பி அழைத்துச் செல்கிறாள். பணியாள் காட்டிக்கொடுக்க, பிரபு இருவரையும் கொன்றுவிட்டு, இருவரையும் ஒரே குழியில் இடச் சொல்கிறார். ஆனால் மனைவி உயர்குடிப் பெண் என்பதால் அவளை மேலே வைக்க வேண்டுமாம். குழுவின் பாடகி சாண்டி டென்னி இதைக் குரல் உயர்த்தாமல், நீதி சொல்லாமல் பாடி முடிக்க, டேவ் ஸ்வார்பிரிக்கின் ஃபிடிலும் ரிச்சர்ட் தாம்ப்சனின் கிதாரும் ஒரு நடன மெட்டில் பாய்கின்றன. உதறிய அமெரிக்கா முழுதாகப் போய்விடவில்லை என்பது ஒரு வேடிக்கை. இக்கதைக்கு அவர்கள் வைத்துக்கொண்ட மெட்டு அப்பலாச்சியன் மலைநாட்டுப் பாடலான ‘ஷேடி குரோவ்’ பாடலுடையது.

இதே வழியில் பாடிய ஸ்டீல்-ஐ ஸ்பான், பென்டாங்கிள் குழுக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாம்ப்சனை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவரும் அவர் மனைவி லிண்டாவும் 1973இல் பதிவுசெய்த ‘ஐ வான்ட் டு சீ தி பிரைட் லைட்ஸ் டுநைட்’, எண்ணெய் நெருக்கடியில் தட்டு செய்யும் வைனலுக்கே தட்டுப்பாடு வந்ததால் 1974 வரை காத்திருந்தது. வெளிவந்தபோது பிரிட்டிஷ் பட்டியலில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. ‘தி கல்வரி கிராஸ்’ பாடலின் கிதாரை முதலில் கேளுங்கள். தலைப்புப் பாடல், வாரமெல்லாம் உழைத்த பெண் ஒருத்தி வார இறுதி இரவில் நகரத்துக்கு அழைத்துப்போகச் சொல்லிக் கெஞ்சுவது. அவளுக்குப் பின்னால் மான்செஸ்டர் ஊதுகுழல் வாத்தியக்காரர்கள் திருவிழாபோல் முழங்குகிறார்கள், லிண்டாவின் குரலில் மட்டும் மகிழ்ச்சியின் சுவடே இல்லை.