போட்டோ எடிட்டிங் வேகமாக நடக்க எந்த டிரைவ் வாங்கலாம்? – வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் சார். நான் கல்யாண போட்டோகிராபர். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் வரை எடுக்கிறேன், எல்லாம் ரா ஃபைல் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் மூலப் படம்). டெஸ்க்டாப் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது, 16 ஜிபி ரேம். விண்டோஸ் 250 ஜிபி சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டியில் இருக்கிறது. படங்களும், எடிட் செய்யப் பயன்படுத்தும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளின் கேட்டலாக்கும் 4 டிபி ஹார்டு டிஸ்கில். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகவே நாலைந்து விநாடி ஆகிறது. கடையில் விநாடிக்கு 7,000 எம்பி வேகத்தில் ஓடும் 2 டிபி என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை எஸ்எஸ்டி) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வாங்கலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. லைட்ரூமைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, பிராசசர் சும்மா இருந்தால் டிஸ்க்தான் கோளாறு. டிஸ்க் சும்மா இருந்து பிராசசர் திணறினால், எவ்வளவு விலை கொடுத்து டிரைவ் வாங்கினாலும் வேகம் கூடாது. ஏஐ டினாய்ஸ் (படத்தில் உள்ள புள்ளிப் புள்ளியான நாய்ஸை நீக்கும் வசதி) போட்டால் நேரமாகிறது என்பவர்கள் கிராபிக்ஸ் கார்டைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் டிஸ்க்தான் காரணம் என்று நினைக்கிறேன், அதிலும் படங்கள் அங்கே இருப்பது பெரிய பிரச்சினை இல்லை, கேட்டலாக் அங்கே இருப்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி படிக்கும், 25 எம்பி ரா ஃபைலை எடுக்க அதற்குக் கால் விநாடிகூட ஆகாது. ஆனால் கேட்டலாக் என்பது ஒரு டேட்டாபேஸ். ஸ்டார் போட்டாலும் ஸ்லைடரை நகர்த்தினாலும் அதில் எழுதியாக வேண்டும். பக்கத்திலேயே பிரிவ்யூ ஃபோல்டர் (படங்களைத் திரையில் காட்ட லைட்ரூம் செய்துவைக்கும் நகல்கள்), அதற்குள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள். ஹார்டு டிஸ்கின் ஹெட் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடத்துக்கு நகர வேண்டும், ஒரு தடவை நகர்ந்து படிக்க ஏறக்குறைய 10 மில்லி விநாடி, அதாவது விநாடிக்குச் சுமார் நூறு தடவைதான். எஸ்எஸ்டியில் நகர வேண்டிய பாகமே கிடையாது, அதனால் பழைய சாட்டா எஸ்எஸ்டிகூட இந்த வேலையைப் பல மடங்கு வேகமாகச் செய்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் 7,000 எம்பி, பெரிய ஃபைல் ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். லைட்ரூமில் நீங்கள் செய்கிற வேலை அப்படிப்பட்டது இல்லை.

ஆகவே லைட்ரூமை மூடிவிட்டு, கேட்டலாக் இருக்கும் ஃபோல்டரை பிரிவ்யூக்களோடு சேர்த்து அப்படியே எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்யுங்கள், அங்கிருந்தே திறங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு பழையதை எடுத்துவிடலாம். படங்களை நகர்த்தவே வேண்டாம். 250 ஜிபியில் இடம் நெருக்கடி என்றால், டெலிவரி முடிந்த கல்யாணங்களின் 1:1 (முழு அளவு) பிரிவ்யூக்களை அழித்துவிடுங்கள், அவை வேண்டும்போது மறுபடி உருவாகும். அப்புறம் பிரிஃபரன்சஸில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போனால் கேமரா ரா கேஷ் (ரா ஃபைல் தகவலைத் தற்காலிகமாகச் சேமிக்கும் இடம்) 5 ஜிபி என்று இருக்கும், 3,000 ரா ஃபைலுக்கு அது போதாது, 20 அல்லது 30 ஆக்குங்கள். அதே பக்கத்தில், எடிட் செய்யும்போது ஒரிஜினலுக்குப் பதில் ஸ்மார்ட் பிரிவ்யூவைப் பயன்படுத்து என்று ஒரு டிக் இருக்கிறது. நீளவாக்கில் 2,540 பிக்சல் உள்ள சின்ன படத்தை வைத்து வேலை நடக்கும், எக்ஸ்போர்ட் ஒரிஜினலிலிருந்தே போகும். பழைய மெஷினில் இது பெரிய உதவி. ஆனால் ஷார்ப்னஸ், நாய்ஸ் பார்க்கும்போது மட்டும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். செலக்‌ஷனுக்கு உட்காருவதற்கு முந்தைய ராத்திரி 1:1 பிரிவ்யூ உருவாக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள்.

இவ்வளவும் செய்து, இடம் போதவில்லை என்றால் 1 டிபி என்விஎம்இ போதும். மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேராகச் செருகும் இடம்) இருக்கிறதா, இருந்தால் அது என்விஎம்இயை ஏற்குமா, சாட்டா வகையை மட்டும் ஏற்குமா என்று மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் போர்டு பிசிஐஇ (என்விஎம்இ டிரைவ் இணையும் வழி) 3 தலைமுறை என்றால் 7,000 எம்பி டிரைவும் 3,500 பக்கம்தான் ஓடும். மிச்சமாகும் பணத்தில் ரேமை 32 ஜிபி ஆக்குங்கள், கூடவே பேக்கப்புக்கு இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஹார்டு டிஸ்கையே வாங்குங்கள். உங்கள் 4 டிபியில் இருப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம், இன்னொரு தடவை எடுக்க முடியாது.

கேள்வி: லேப்டாப்பில் இடம் இல்லை, போர்ட்டபிள் எஸ்எஸ்டி வாங்கினேன். 1,000 எம்பி என்று போட்டிருக்கிறது, எனக்கு 40-ஐத் தாண்டவில்லை. டூப்ளிகேட்டா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பதற வேண்டாம், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்களில் பல வெறும் யூஎஸ்பி 2 வகை, அதில் 40 எம்பிக்கு மேல் வராது. எஸ்எஸ்டியோடு வந்த கேபிளையே போடுங்கள். அடுத்து போர்ட். 5 ஜிகாபிட் போர்ட்டில் 400 எம்பிக்குக் கொஞ்சம் கூட வரும், 10 ஜிகாபிட் போர்ட்டில்தான் பெட்டியில் போட்டிருக்கும் 1,000-ஐ நெருங்கும். மெமரி கார்டிலிருந்து நேராகக் காப்பி செய்தால் அது வேறு கணக்கு, சாதாரண யூஎச்எஸ்-1 கார்டு 100 எம்பிக்கு மேல் கொடுக்காது, டிரைவ் என்ன செய்யும்? முதலில் வேகமாக ஓடி, பெரிய காப்பியின் நடுவில் திடீரென்று படுத்துவிடுகிறது என்றால் டிரைவின் உள்ளே இருக்கும் வேகமான கேஷ் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். விலை குறைந்த கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் சேமிக்கும் வகை) டிரைவ்களில் இது அதிகம்.

கேட்டலாக்கை இதில் வைத்து வேலை செய்யலாம், தாராளமாக. ஆனால் எஜெக்ட் செய்யாமல் ஒருநாளும் பிடுங்காதீர்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு போனால் கேட்டலாக் கெட்டுப்போகும்.

கேள்வி: ஆல்பம் டிசைன் செய்யும்போது போட்டோஷாப் ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று நின்றுவிடுகிறது. ரேம் 16 ஜிபி இருக்கிறதே?
– வாசகர், மதுரை

பதில்: 12-க்கு 36 இன்ச் ஷீட், 300 டிபிஐ என்றால் 3,600-க்கு 10,800 பிக்சல். 8 பிட்டில் முழு லேயர் ஒன்றுக்கே ஏறக்குறைய 117 எம்பி, 16 பிட்டில் அதில் இரண்டு மடங்கு. இருபது லேயர், அதன் மேல் ஹிஸ்டரி (அன்டூ செய்ய வைத்திருக்கும் பழைய நிலைகள்), இரண்டு மூன்று ஷீட் ஒரே சமயத்தில் திறந்திருந்தால் ரேம் பத்தாமல் மீதியை டிஸ்கில் எழுதும், அதற்குத்தான் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று பெயர். அது சி டிரைவாக இருந்து அங்கே பத்து ஜிபிதான் காலி என்றால் நின்றுதான் போகும். பிரிஃபரன்சஸில் ஸ்க்ராட்ச் டிஸ்கை, குறைந்தது 100 ஜிபி காலியாக உள்ள எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் 50-ஐ 20 ஆக்குங்கள். முடித்த ஷீட்டை மூடிவிட்டு அடுத்ததைத் திறங்கள்.

கேள்வி: பழைய கல்யாணப் படங்களையும் எஸ்எஸ்டிக்கே மாற்றிவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்க எஸ்எஸ்டி ஏற்றதில்லை. இன்னொன்று, எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது, டிரிம் என்ற வசதி அழித்த இடத்தைச் சீக்கிரமே காலி செய்துவிடும். முடிந்த வேலைகளை இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்று ஸ்டூடியோவில், இன்னொன்று வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டையும் போட்டு நாலு படமாவது திறந்து பாருங்கள். இரண்டு காப்பியும் முடியும்வரை மெமரி கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.