கேளுங்கள், சொல்கிறோம்: ரெஸ்யூமேயில் எது நிற்க வேண்டும், எது போக வேண்டும்?

கேள்வி: கணக்குப் பிரிவில் ஆறு வருட அனுபவம் உள்ளவள் நான். நன்றாகத் தயாரித்த ஒரே ரெஸ்யூமேயை நாற்பது இடங்களுக்காவது அனுப்பியிருப்பேன். ஒரு அழைப்புகூட இல்லை. எங்கே தவறு?

பதில்: முதலில் அதில் இருக்கும் போன் நம்பரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். சிரிக்க வேண்டாம். ஒரு இலக்கம் மாறிப்போனால், ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் அழைப்பு வேறு யாருக்கோ போகும்.

அது சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் நீங்களே எழுதியிருக்கும் "ஒரே ரெஸ்யூமே" மீதுதான். எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி கிடையாது. உங்கள் பணிவாழ்வின் முழு வரலாற்றைப் படிக்க எதிர்த்தரப்பில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தாங்கள் விளம்பரத்தில் கேட்டது இந்தத் தாளில் இருக்கிறதா என்று தேடுகிறார்கள், அவ்வளவுதான். லியொனார்டோ டா வின்சி 1480-களின் தொடக்கத்தில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய வேலைக் கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எடுத்துச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, முற்றுகைக் கருவி என்று போர்ப் பொறியியல்தான் அதில் பக்கத்தை நிறைக்கிறது. ஓவியம் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. அந்த ஆட்சியாளருக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இதுவரை செய்த எல்லா வேலையையும், சின்னதுகூட விடாமல், ஒரு பெரிய கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பக்கம் வந்தாலும் கவலையில்லை, அதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. ஒவ்வொரு விளம்பரத்திலும் "கட்டாயம்" என்று கேட்பவற்றையும், "இருந்தால் நல்லது" என்று கேட்பவற்றையும் தனித்தனியாகக் கோடிடுங்கள். கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே, ரெஸ்யூமேயில் அதற்கான ஆதாரம் எந்த வரி என்று குறியுங்கள். வரி இல்லாத இடங்களில் பாதிக்கு மேல், வேலை செய்திருப்பீர்கள், எழுதத்தான் மறந்திருப்பீர்கள். பெரிய கோப்பிலிருந்து அதை எடுத்துப் போடுங்கள். கேட்காததை இறக்கிவிடுங்கள். பழகிவிட்டால் அரை மணி நேர வேலை.

முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் உங்கள் கடைவாசல். அங்கே "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" போன்ற வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது, அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லவில்லை. மாற்றாக இப்படி: "கணக்குப் பணியில் 6 ஆண்டு அனுபவம். வங்கிக் கணக்கு ஒப்பீடு, சம்பளப் பட்டியல், ஆண்டுத் தணிக்கைக்கான ஆவணங்கள். 3 கிளைகளின் மாதக் கணக்கைத் தனியாக முடித்த பழக்கம்." மூன்று வரி போதும்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த அழகான டெம்ப்ளேட்டில், பக்கத்தை இடம் வலமாகப் பிரித்து இரண்டு பத்தியாக, ஐகான் எல்லாம் வைத்து ரெஸ்யூமே செய்தேன். நிறுவனத்தின் தளத்தில் ஏற்றியதும், படிவத்தில் என் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது, பழைய நிறுவனத்தின் பெயரோடு "எக்செல்" ஒட்டிக்கொண்டு நின்றது. ஏன்?

பதில்: விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்துத் தேடித்தரும் மென்பொருளை ஏ.டி.எஸ். என்பார்கள். அது அழகைப் பார்ப்பதில்லை. கோப்பிலிருந்து எழுத்துகளை மட்டும் உருவி, இது பெயர், இது நிறுவனம், இது தேதி என்று கட்டங்களில் போட முயல்கிறது. இரண்டு பத்தி இருந்தால் சில மென்பொருள்கள் இடப்பத்தியின் வரியையும் வலப்பத்தியின் வரியையும் சேர்த்து ஒரே வரியாகப் படித்துவிடும். உங்கள் "எக்செல்" நிறுவனப் பெயரோடு ஒட்டிக்கொண்டது அநேகமாக இப்படித்தான். பெயரையும் போன் நம்பரையும் வேர்டில் பக்கத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் ஹெடர் பகுதியில் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறோம். ஹெடர், ஃபுட்டர், டெக்ஸ்ட் பாக்ஸ் ஆகியவற்றில் உள்ளதைப் படிக்காமல் தாண்டிவிடும் மென்பொருள்களும் உண்டு. படமாக வைத்த எழுத்து பல சமயம் அதன் கண்ணிலேயே படாது.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். பெயர் முதல் வரியில் வருகிறதா? ஒவ்வொரு வேலைக்குக் கீழும் அந்த வேலையின் வரிகளே இருக்கின்றனவா? தேதிகள் இடம் மாறவில்லையே? இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் உங்கள் பி.டி.எஃப். வெறும் படம். தாளை ஸ்கேன் செய்து அனுப்புபவர்களுக்கு நடப்பது இதுதான்.

பாதுகாப்பான வடிவம்: இடம் வலமாகப் பிரிக்காத ஒரே பத்தி, டேபிள் வேண்டாம், தலைப்பு தவிர்த்த எழுத்து 10.5 முதல் 12 அளவு. நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டர் அளவு ஓரம். தலைப்புகளில் புதுமை வேண்டாம். "என் பயணம்" என்று வைத்தால் மென்பொருளும் குழம்பும், மனிதரும் ஒரு கணம் தயங்குவார். "பணி அனுபவம்", "கல்வி", "திறன்கள்" போதும். தேதியை "மார்ச் 2021 – ஜூன் 2024" என்று கடைசிவரை ஒரே முறையில் எழுதுங்கள். சுருக்கப் பெயர் உள்ள மென்பொருளையோ சான்றிதழையோ ஒருமுறையாவது முழுப் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். தேடுபவர் இரண்டில் எதைத் தட்டச்சு செய்வார் என்று நமக்குத் தெரியாது.

மென்பொருளே ரெஸ்யூமேயைக் குப்பையில் போட்டுவிடுகிறது என்ற பேச்சு கொஞ்சம் மிகை. பெரும்பாலும் அது சேமிக்கும், தேடித்தரும், வரிசைப்படுத்தும். தானாக நிராகரிப்பு நடப்பது அதிகமும் படிவத்தில் தனியாகக் கேட்கும் கேள்விகளால்தான்: உரிமம் இருக்கிறதா, எத்தனை ஆண்டு அனுபவம், எப்போது சேர முடியும். ரெஸ்யூமேக்கு மூன்று நாள் செலவிட்டுவிட்டு அந்தக் கேள்விகளை அவசரமாகத் தட்டிவிடுகிறோம்.

இன்னொரு வாசகர், விளம்பரத்தின் சொற்களை வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். எழுத்தை உருவி எடுத்ததும் வெள்ளையும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

கேள்வி: கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். வருகிற சரக்கை எழுதுவேன், போகிற சரக்கை எழுதுவேன். "சாதனைகளை எண்களோடு எழுது" என்கிறார்கள். எனக்கு ஏது சாதனை?

பதில்: சாதனை என்ற சொல்தான் உங்களை மிரட்டுகிறது. அதை விட்டுவிட்டு அளவு, எத்தனை முறை, நேரம், தவறு ஆகிய நான்கையும் யோசியுங்கள். எத்தனை வகைப் பொருள்? ஒரு நாளைக்கு எத்தனை லோடு? கணக்கெடுப்புக்கு எத்தனை நாள்? ஏட்டுக்கும் இருப்புக்கும் வித்தியாசம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு? நீங்கள் விடுப்பில் இருந்த நாளில் எது நின்றுபோனது? இந்தக் கடைசிக் கேள்விதான் பலருக்கு நல்ல வரியைக் கொடுக்கும்.

"சரக்கு இருப்பைப் பராமரிக்கும் பொறுப்பு" என்பது வேலையின் விவரம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதையே எழுதலாம். இப்படி மாற்றலாம்: "ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பை 3 நாளிலிருந்து 1 நாளாகக் குறைத்தேன், சுமார் 1,200 வகைப் பொருள்களையும் வாரம் ஒரு பகுதியாக எண்ணும் முறைக்கு மாற்றியதால் இது முடிந்தது." விளைவு முன்னால், செய்த விதம் பின்னால். வரியின் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவும் கண்ணுக்கும் செய்தி போய்ச் சேரும்.

எண்ணில் இரண்டு எச்சரிக்கை. எந்த எண்ணிலிருந்து என்று சொல்லாத சதவீதத்தை யாரும் நம்புவதில்லை. 5 என்பது 7 ஆனாலும் 40 சதவீத உயர்வுதான். "மாதம் 50-லிருந்து 70" என்று இரண்டு முனையையும் எழுதிவிடுங்கள். அடுத்து, கணக்குப் புத்தகம் கையில் இல்லையென்றால் மதிப்பீடு செய்யலாம், "சுமார்" போடலாம். ஆனால் அந்த எண்ணுக்கு எப்படி வந்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் அரை நிமிடத்தில் விளக்க முடிய வேண்டும். முடியாத எண்ணை எழுதாதீர்கள். நிறுவனத்தின் ரகசியமான விற்பனைத் தொகை போன்றவை என்றால் தொகையை விட்டுவிட்டு "இரு மடங்கு", "மூன்றில் ஒரு பங்கு" என்று விகிதமாக எழுதலாம்.

"உதவினேன்", "பங்காற்றினேன்" ஆகிய இரண்டு சொற்களும் எதையும் சொல்வதில்லை. ஐந்து பேர் குழுவில் நீங்கள் செய்தது எந்தப் பகுதி என்று எழுதுங்கள். இப்போதைய வேலைக்கு நான்கு முதல் ஆறு வரி, அதற்கு முந்தையதற்கு இரண்டு மூன்று, பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தையதற்குப் பதவியும் நிறுவனமும் மட்டும்.

கேள்வி: அம்மாவின் உடல்நிலைக்காக மூன்று வருடம் வேலையை விட்டிருந்தேன். அந்த இடைவெளி தெரியாமல் இருக்க, மாதத்தை நீக்கி ஆண்டை மட்டும் போடலாமா?

பதில்: வேண்டாம். "2019 – 2020" என்பது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இருபத்து நான்கு மாதமாகவும் இருக்கலாம். இது ரெஸ்யூமே படிப்பவருக்கு நன்றாகவே தெரியும். மாதமில்லாத தேதியைக் கண்டதும் அவர் தேட ஆரம்பிப்பதே இடைவெளியைத்தான். தேதிகளை ஒதுக்கிவிட்டுத் திறன்களின் பட்டியலாகவே முழு ரெஸ்யூமேயையும் எழுதும் முறை ஒன்று உண்டு. அதுவும் இதே சந்தேகத்தைக் கிளப்பும்.

வேலைகளின் வரிசையிலேயே ஒரு வரி போடுங்கள்: "குடும்பப் பராமரிப்பு, ஏப்ரல் 2021 – மே 2024". நோயின் பெயர் தேவையில்லை, மன்னிப்புக் கேட்கும் தொனியும் தேவையில்லை. இடையில் ஏதாவது படித்திருந்தாலோ பகுதிநேரமாகச் செய்திருந்தாலோ அதன் கீழே ஒரு வரி. பணியில் சேர்க்கும் முன் அனுபவச் சான்றிதழோடு தேதியை ஒப்பிடும் நிறுவனங்கள் பல. இழுத்து நீட்டிய இரண்டு மாதம் கையில் வந்த வேலையையே பறித்துவிடும்.

கேள்வி: இப்போதுதான் படிப்பை முடித்தேன். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. பொழுதுபோக்குகளைச் சேர்க்கலாமா?

பதில்: முக்கால் பக்கத்தோடு நிறுத்தினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. "பாட்டு கேட்பது" என்று நிரப்பினால்தான் கண்ணை உறுத்தும். கல்வியை மேலே வையுங்கள், அடுத்து ப்ராஜெக்ட். தலைப்பை மட்டும் எழுதி விட்டுவிடுவதுதான் ஃப்ரெஷர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. என்ன பிரச்சினை, குழுவில் எத்தனை பேர், உங்கள் பங்கு எது, எதைக்கொண்டு செய்தீர்கள், கடைசியில் ஓடியதா என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். விடுமுறையில் பார்த்த சின்ன வேலையும் அனுபவம்தான், அதையும் மாதம் போட்டு எழுதுங்கள்.

திறன்களுக்கு எதிரே 80 சதவீதம் என்று பட்டை வரையாதீர்கள். எதில் எண்பது? அந்த மென்பொருளில் என்ன செய்யத் தெரியும் என்று எழுதுங்கள். மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிநிலைகள் கொண்ட ஐரோப்பிய அளவுகோல் இருக்கிறது. தேர்வு எழுதியிருந்தால் அந்த நிலையைக் குறிப்பிடலாம். இல்லையென்றால் "பேச, எழுத" அல்லது "பேச மட்டும்" போதும்.

கேள்வி: புகைப்படம், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், அடையாள எண், இவையெல்லாம் வேண்டுமா?

பதில்: விளம்பரம் கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். அடையாள எண்ணை மட்டும் எப்போதும் ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள். அந்தக் கோப்பு யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. பரிந்துரைப்பவரின் போன் நம்பரும் அப்படித்தான். அவரிடம் கேட்டுவிட்டு, நிறுவனம் கேட்கும்போது தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: வேர்டா, பி.டி.எஃப்-ஆ?

பதில்: அவர்கள் எதைக் கேட்கிறார்களோ அது. எதுவும் சொல்லவில்லை என்றால் பி.டி.எஃப்.; வரிகள் இடம் மாறாது. கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். "ஃபைனல் புதுசு 3" என்று வந்தால், பதிவிறக்கியவர் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வேர்டில் அனுப்பினால் திருத்தக் குறிகளும் ஓரக் குறிப்புகளும் நீங்கிவிட்டனவா என்று பாருங்கள். நண்பரின் கோப்பை வாங்கித் திருத்தியிருந்தால் கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயரையும் தலைப்பையும் மாற்றுங்கள். பி.டி.எஃப். ஆக்கிய பிறகும் உலாவியின் மேல்பட்டையில் நண்பரின் பெயர் எட்டிப் பார்ப்பதுண்டு.

அனுப்பும் முன் உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். போன வாரம் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர், ரெஸ்யூமேயோடு அனுப்பும் கடிதத்தில் அப்படியே இருப்பது பெரும்பாலும் அப்போதுதான் கண்ணில் படும்.