நாப்போ ஆற்றங்கரைக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு: கேள்வியும் பதிலும்

ஈக்வடார் நாட்டின் அமேசான் பகுதியில், நாப்போ மாகாணத்துக் கிச்சுவா என்னும் பழங்குடி மக்களின் ஊர்களில் வேளாண்மைப் பணியாளராக ஏழாண்டுகள் இருந்தேன். அங்கே தன்னார்வலராகவோ பயிற்சி மாணவராகவோ போக விரும்புகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதுகிறேன்.

அம்மா, கல்லூரி விடுமுறையில் எனக்கு மூன்று வாரம்தான் கிடைக்கிறது. அதற்குள் பயனுள்ளதாக ஏதாவது செய்ய முடியுமா? (இளங்கலை மாணவி, கோயம்புத்தூர்)

மூன்று வாரத்தில் நீங்கள் நிறையக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. முதல் இரண்டு வாரங்கள் முழுவதும் யாராவது ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டு உங்களுக்குச் சமைக்க வேண்டும், பாதையில் பாம்பு இருக்கிறதா என்று பார்த்து உங்களை நடத்திச் செல்ல வேண்டும், நீங்கள் பேசுவதை மொழிபெயர்க்கவும் வேண்டும். ஆகவே, தொண்டு என்ற பெயரை விட்டுவிட்டு, ஊரே நடத்தும் விடுதியில் கட்டணம் கொடுத்துத் தங்கும் விருந்தினராகப் போய் வாருங்கள். மாகாணத் தலைநகரான தேனாவைச் சுற்றி அப்படிப்பட்ட விடுதிகளைக் கிச்சுவா ஊர்கள் பல நடத்துகின்றன. அந்த வருமானம் அவர்களுக்கு உண்மையான உதவி. தொண்டராகத்தான் போக வேண்டும் என்றால், குறைந்தது மூன்று மாதம் ஒதுக்க முடிகிறபோது போங்கள்.

நான் சிவில் பொறியியல் முடித்தவன். குடிநீர்த் தொட்டி கட்டித் தர ஆசைப்படுகிறேன். எப்படித் தொடங்குவது?

என் கதையைச் சொல்கிறேன், அதில் பதில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில், மழைநீர்த் தொட்டி ஒன்றுக்கு நல்ல தரமான குழாய் என்று நினைத்து வெளியூரிலிருந்து ஒன்றை வரவழைத்துப் பொருத்தினேன். எட்டே மாதத்தில் அதன் உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்துபோய்த் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அந்த அளவு வாஷர் தேனாவின் கடைகள் எதிலும் இல்லை. ஒருவர் சைக்கிள் டியூபை வெட்டி வைத்துப் பார்த்தார், இன்னொருவர் துணி சுற்றிப் பார்த்தார். இரண்டும் நிற்கவில்லை. தொட்டி இரவோடிரவாகக் காலியானது, பெண்கள் குடத்தோடு பழைய ஓடைக்கே திரும்பினார்கள். என்னிடம் யாரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை என்பதே எனக்கு அதிகம் வலித்தது.

அந்தத் தொட்டியை ஊர் என்னிடம் கேட்டிருக்கவில்லை, அது நான் முன்மொழிந்த திட்டம். வந்த விருந்தாளியை மறுக்க மனமில்லாமல் தலையசைத்திருந்தார்கள். அந்நாட்டில் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற ஊர்ச் சமூகங்களில், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் கபில்தோ என்னும் ஊர்க்குழு இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் பேசி, கபில்தோ தீர்மானம் எழுதிக் கேட்கும் வேலையை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுகிற அன்று மிங்கா நடக்கும். நம் ஊர்களில் குடிமராமத்து என்று சொன்னோமே, அதைப் போல வீட்டுக்கு ஒருவர் வந்து செய்யும் பொது வேலை அது. மிங்காவுக்கு ஆள் வராத திட்டத்தை ஊர் விரும்பவில்லை என்றே பொருள் கொள்ளுங்கள். பொருள்கள் எல்லாவற்றையும் தேனாவில் கிடைப்பவற்றிலிருந்தே தேர்ந்தெடுங்கள்.

தன்னார்வப் பணிக்கு ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் பெருந்தொகை கேட்கின்றன. தொண்டு செய்ய எதற்குப் பணம்?

உங்கள் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் யாராவது செலவு செய்தாக வேண்டும், அதை ஊரின் தலையில் வைக்கக் கூடாது. ஆகவே பணம் கேட்பது தவறன்று. அதில் எத்தனை டாலர் (அந்நாட்டின் நாணயமே 2000ஆம் ஆண்டு முதல் அமெரிக்க டாலர்தான்) ஊருக்குப் போகிறது, அங்கே யார் கையில் போகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்த ஊரின் கபில்தோ தலைவரோடு நேரில் பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் மழுப்புகிற நிறுவனத்தை விட்டுவிடுங்கள். அனாதை இல்லத்தில் சில வாரம் குழந்தைகளோடு விளையாடலாம் என்று விளம்பரம் செய்வோரை எந்த நாட்டிலும் அணுகாதீர்கள். மாதம் ஓர் அக்காவும் அண்ணனும் வந்து கொஞ்சிவிட்டுப் போவதைத் தாங்கும் வயது அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை.

எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அங்கே மருத்துவர்கள் குறைவு என்பதால், நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்குமா?

கிடைக்கக்கூடும். கிடைத்தாலும் நீங்கள் மறுக்க வேண்டும். சென்னை மருத்துவமனையில் மூத்தவரின் மேற்பார்வையின்றி உங்கள் கை தொடக் கூடாத ஊசியை, காட்டு ஊரில் இருப்பவர் ஏழை என்பதற்காகவும் கேள்வி கேட்க மாட்டார் என்பதற்காகவும் தொடலாம் என்று ஆகிவிடாது. தையல் பழகவும் பிரசவம் பார்த்துப் பழகவும் அந்த மக்களின் உடல் நமக்குக் கிடைத்த பயிற்சிக்கூடம் அன்று.

பார்த்துக் கற்றுக்கொள்ள அங்கே நிறைய உண்டு. அர்ச்சிதோனா என்னும் ஊரில் கிச்சுவா மருத்துவச்சிகள் தாங்களே நடத்தும் அமுபாகின் என்னும் சங்கம் இருக்கிறது. எழுதி அனுமதி பெற்று, அவர்கள் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் வேலையைச் செய்யத் தயார் என்றால் போங்கள்.

எத்னோபாட்டனி (மக்கள் தாவரங்களைப் பயன்படுத்தும் முறை பற்றிய துறை) ஆய்வுக்காக மூலிகைகளையும் அவற்றின் பயன்களையும் பதிவு செய்ய விரும்புகிறேன். பாட்டிமார்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளவும் அனுமதி வேண்டுமா? (முனைவர் பட்ட மாணவர், ஊட்டி)

கட்டாயம் வேண்டும். நீங்கள் ஊட்டியிலிருந்து கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1860ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஈக்வடாரின் சிம்பொராசோ மலைச்சரிவில் சிவப்புப் பட்டைச் சின்கோனாவின் விதைகளையும் நாற்றுகளையும் திரட்டி அனுப்பினார். உங்கள் ஊரைச் சுற்றி எழுந்த சின்கோனா தோட்டங்களுக்கும், அந்தப் பட்டையிலிருந்து நடுவட்டத்தில் காய்ச்சிய கொயினா என்னும் மலேரியா மருந்துக்கும் பின்னால் அந்த மலைச்சரிவு இருக்கிறது. கொயினாவால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்த மரம் வளர்ந்த மண்ணின் மக்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

அது பழைய காலம் என்று தள்ளிவிடவும் முடியாது. அமேசான் மக்கள் சடங்குகளில் பயன்படுத்தும் அயவாஸ்கா கொடியின் ஒரு வகைக்கு 1986ஆம் ஆண்டு அமெரிக்கர் ஒருவர் காப்புரிமை பெற்றார். அமேசான் பழங்குடி அமைப்புகளின் கூட்டமைப்பான கோயிகா எதிர்த்துப் போராடியதன் பேரில் 1999இல் அது நீக்கப்பட்டு, 2001இல் மீண்டும் அவரிடமே திரும்பி, 2003இல் காலாவதியானது. நீக்கியபோதுகூட, அந்தச் செடியின் மாதிரிகள் முன்பே உலர்தாவரக் கூடங்களில் இருந்தன, ஆகவே அது புதியதன்று என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அது அந்த மக்களுக்குப் புனிதமானது என்ற வாதம் கணக்கில் வரவில்லை. இதைக் கேள்விப்பட்ட ஊர்களில் குறிப்பேட்டோடு போய் உட்காருகிறவரை ஐயத்தோடு பார்க்கத்தானே செய்வார்கள்?

ஆகவே ஊர்க்கூட்டத்தின் அனுமதி, பேசுகிறவரின் தனி அனுமதி, அந்நாட்டு அரசின் ஆய்வு அனுமதி ஆகிய மூன்றும் பெறுங்கள். முதலில் சம்மதித்தவர் பின்னர் மனம் மாறினால் அவர் சொன்னதை நீக்கிவிடுவதாக எழுதிக் கொடுங்கள். எதைப் பதிவு செய்யக் கூடாது என்று முதலிலேயே கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017இல் தங்களுக்கென ஆய்வு நெறிமுறை ஒன்றைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். நீங்கள் போகுமிடம் வேறு என்றாலும் கிளம்புமுன் அதைப் படித்துவிடுங்கள்.

நான் சைவம். அங்கே உணவு எப்படி இருக்கும்? எச்சில் பட்ட பானம் கொடுப்பார்கள் என்கிறார்களே?

மரவள்ளிக்கிழங்கும் வாழையும் அன்றாட உணவு. நம்மவர் தங்கள் கிழங்காகவே நினைக்கும் மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பெண்கள் பராமரிக்கும் சக்ரா என்னும் காட்டுத் தோட்டத்தில் (நம் சக்கரத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை) இவற்றோடு கொக்கோவும் சோளமும் வாயுசா என்னும் மரமும் கலந்து வளரும். மீனும் இறைச்சியும் வேண்டாம் என்பதை வந்த அன்றே சொல்லிவிட்டால் யாரும் வருந்த மாட்டார்கள். உங்களுக்காக இலையில் மடித்துச் சுட்ட மீனைத் தட்டில் வைத்த பிறகு சொன்னால் வருந்துவார்கள்.

நீங்கள் கேட்ட பானத்தின் பெயர் சிச்சா. அவித்த மரவள்ளியை மசித்து, அதில் ஒரு பகுதியைப் பெண்கள் மென்று சேர்த்துப் புளிக்கவிடுவது பழைய முறை. நான் முதல்முறை குடித்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்த வீட்டம்மா குடுவைக்காயைப் பிளந்து செய்த பில்சே என்னும் கிண்ணத்தில் மாவை எடுத்து, தண்ணீர் ஊற்றி, விரல்களாலேயே பிசைந்து, நாரை ஒவ்வொன்றாகப் பிரித்து எறிந்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெள்ளையாக, மோரைவிடச் சற்றுக் கெட்டியாக, இளம்புளிப்போடு இருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை அவர் நகரவில்லை. மறுப்பது அந்த வீட்டையே மறுப்பதாகும். மது என்பதாலோ உடல்நலம் கருதியோ குடிக்க முடியாதவர்கள், வாங்கி உதட்டில் வைத்து நன்றி சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம்.

வாயுசாவையும் சொல்ல வேண்டும். விடியுமுன் மூன்று, நான்கு மணிக்கு எழுந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தபடி, இரவு கண்ட கனவுகளைப் பெரியவர்கள் சொல்வார்கள். அன்றைய வேலையும் அங்கேதான் முடிவாகும். பயிற்சி மாணவர்கள் பலர் ஏழு மணிக்கு எழுந்து வந்து, தங்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை என்று குறைப்படுவார்கள்.

வெளியுலகத் தொடர்பே இல்லாத மக்களைப் பார்க்க முடியுமா?

முடியாது. முயலவும் கூடாது. யசுனிப் பகுதியில் தகாயெரி, தரோமெனானே என்னும் மக்கள் வெளித் தொடர்பைத் தாங்களே மறுத்து வாழ்கிறார்கள். 1987இல் அவர்களை அணுகிய ஆயர் அலெஹாந்திரோ லபாகாவும் அருட்சகோதரி இனேஸ் அராங்கோவும் ஈட்டிகளால் கொல்லப்பட்டார்கள். உங்கள் உயிரைவிடப் பெரிய கவலை அவர்களுடைய உயிர்தான். நமக்கு இரண்டு நாள் சளி, தடுப்பாற்றல் இல்லாத அவர்களில் பலருக்குச் சாவாக முடியலாம்.

சட்டம் படிக்கிறேன். பழங்குடி உரிமை வழக்குகளில் பயிற்சி மாணவியாகச் சேர முடியுமா?

நல்ல ஸ்பானிய மொழி அறிவு இருந்தால் முடியும், அது இல்லாமல் முடியாது. பாஸ்தாசா மாகாணத்துச் சரயாக்கு ஊரின் கிச்சுவா மக்கள், தங்களைக் கலந்து பேசாமல் நிலத்தில் எண்ணெய் தேட அனுமதித்த அரசுக்கு எதிராக அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2012இல் வென்றார்கள். 2019 ஏப்ரலில் வவோரானி மக்கள் பூயோ நகர நீதிமன்றத்தில் அதே போன்ற வழக்கில் வென்றார்கள். அந்தத் தீர்ப்புகளை முழுமையாகப் படித்துவிட்டு எழுதுங்கள். ஆவணங்களை வகைப்படுத்துவதும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதுமே உங்களுக்குத் தரப்படும் வேலையாக இருக்கும், நீதிமன்றத்தில் பேசுகிறவர்கள் அவர்கள்தான்.

என் மகள் போக விரும்புகிறாள். தடுப்பூசி, விசா பற்றிச் சொல்லுங்கள் அம்மா. (ஒரு தாய், திருச்சி)

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2019 முதல் விசா வேண்டும். சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு வேலை பார்க்க வேண்டாம், எந்த வகை பொருந்தும் என்று தூதரகத்திடமே கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பாகப் போட்டு, சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் அந்நாட்டிலிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். குடும்பத்தோடு தங்கும் வீடாகப் பார்த்து, அந்த வீட்டம்மாவோடு நீங்களும் ஒருமுறை பேசிவிடுங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தாய் கவலைப்படுவது அவருக்கும் புரியும்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

எடுத்த படங்களையும் எழுதிய அறிக்கையையும் ஸ்பானிய மொழியில் அச்சிட்டு ஊருக்கு அனுப்புங்கள். இணைய முகவரி அனுப்பினால் போதாது, பல வீடுகளில் அலைபேசிச் சிக்னல் இல்லை. என் பழைய ஊரில் கபில்தோ கூடும் கட்டடத்தில் ஒரு மர அலமாரி இருக்கிறது. அந்த ஊரைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்காக அதைச் செய்தார்கள். நான் கிளம்பிய ஆண்டில் அதில் இரண்டே இரண்டு ஆய்வேடுகள் இருந்தன. அந்த ஏழாண்டுகளில் அங்கே வந்து தங்கி ஆய்வு செய்தவர்கள் பதினேழு பேர்.