இரண்டுமே 'மார்க் 6' தான், ஆனால் ஒரே வண்டி இல்லை

வணக்கம். உங்கள் இரண்டு டாங்கிப் படங்களிலும் 'பிரிட்டிஷ் மார்க் 6' என்றே போட்டிருக்கிறது, ஆனால் ஒன்றில் சுழல் கோபுரமே இல்லை, எந்தக் குறிப்பு தப்பு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான்.

கோபுரமில்லாமல் மேல்பக்கம் திறந்தபடி இருப்பது 1928-ல் வந்த கார்டன்-லாய்டு மார்க் 6. ஒன்றரை டன் எடை, இரண்டு பேர், ஒரு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி. அவ்வளவுதான் வண்டியே! அந்த ஆண்டே கார்டன்-லாய்டு நிறுவனத்தை விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அடுத்து வந்த கோபுரம் வைத்த இலகு டாங்கிகளுக்கு ராணுவம் மறுபடி ஒன்றிலிருந்து எண் போட்டதுதான் வினை.

கோபுரம் உள்ளது 1936-ன் இலகு டாங்கி மார்க் 6. மார்க் 4 வரை ஓட்டுநர் போக ஒரே ஆள்தான். வழிகாட்டுவதும் அவரே, சுடுவதும் அவரே. மார்க் 5-ல் மூன்றாமவர் வந்தார். மார்க் 6-ல் வயர்லெஸ் வைக்கக் கோபுரத்தின் பின்பக்கத்தை நீட்டினார்கள். உங்கள் படத்தில் பின்னால் துருத்திக்கொண்டிருப்பது அதுதான்.

இந்த இலகு டாங்கி மார்க் 6-க்கு 'ஏ', 'பி', 'சி' என்று உட்பிரிவுகள் உண்டு. 'ஏ'யா 'பி'யா என்பதற்குக் கோபுர உச்சியில் உள்ள பார்வைக் கூண்டைப் பாருங்கள். எட்டுப் பட்டை என்றால் 'ஏ', வட்டம் என்றால் 'பி'. கூண்டே இல்லாவிட்டால் அவசரப்பட்டு 'சி' என்று முடிவுகட்ட வேண்டாம். இந்தியாவுக்கென்று செய்த 'பி'யிலும் கூண்டு கிடையாது. 'சி' என்றால் விக்கர்ஸ் துப்பாக்கிக்குப் பதில் 15 மி.மீ. பெசா இயந்திரத் துப்பாக்கி இருக்கும்.

1940-ல் பிரான்ஸில் எடுத்த படம் என்றால் பெரும்பாலும் 'பி'தான். கோபுரப் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.