சர்வாதிகாரியின் தூதரும் பெண்ணுரிமையும்

கேள்வி: ஐ.நா. சாசனத்தில் கையொப்பமிட்ட பெண்களுள் ஒருவரான மினர்வா பெர்னார்டினோ, ஒரு சர்வாதிகாரியின் அரசின் தூதராக இருந்தவர் என்று படித்தேன். அவருடைய பணியைப் பெண்ணுரிமைச் சாதனையாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளலாம் என்பதே என் கருத்து, ஆனால் நீங்கள் குறிப்பிட்டதை மறைத்துவிட்டு அல்ல.

1945-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், ஐ.நா.வை நிறுவிய அந்தச் சாசனத்தில் கையொப்பமிட்ட 160 பேரில் பெண்கள் நால்வர் மட்டுமே. பெண்களைத் தனியே குறிப்பிடத் தேவையில்லை என்று அமெரிக்க, பிரிட்டிஷ் பெண் பிரதிநிதிகளே வாதிட்ட அந்த மாநாட்டில், டொமினிக்கன் குடியரசின் பெர்னார்டினோ, பிரேசிலின் பெர்த்தா லுட்ஸ் முதலானோருடன் நின்று, லத்தீன் அமெரிக்கப் பிரதிநிதிகளின் ஆதரவோடு போராடினார். ஐ.நா.வின் உறுப்புகளில் எந்தப் பொறுப்பையும் ஆணும் பெண்ணும் சமநிலையில் ஏற்கத் தடையில்லை என்னும் சாசனத்தின் 8-ஆவது பிரிவு அந்தப் போராட்டத்தின் பயன். பெரிய நாடுகளின் தயக்கத்தைச் சிறிய நாடுகளின் பெண்கள் வென்ற இந்த நிகழ்வு நம் பாடநூல்களில் இடம்பெறாதது எனக்குப் பெரும் வருத்தம்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. 1943 முதல் அமெரிக்க நாடுகளின் பெண்கள் ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார், பின்னர் ஐ.நா.வின் பெண்கள் நிலை ஆணையத்தையும் வழிநடத்தினார். வாக்களிக்கவும், தேர்தலில் நிற்கவும், அரசுப் பதவி வகிக்கவும் பெண்களுக்குச் சம உரிமை உண்டு என்று கூறும் 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்த ஆணையத்தில் உருவானதே. இத்தகைய உடன்படிக்கை ஒரே நாளில் எவருடைய வாழ்வையும் மாற்றிவிடாது. ஆனால் தம் அரசு ஒப்புக்கொண்ட வாசகத்தை முன்வைத்து அந்த அரசிடமே உரிமை கேட்கும் வாய்ப்பை அது பெண்களுக்குத் தருகிறது.

இனி, உங்கள் ஐயத்தின் கடினமான பகுதி. 1930 முதல் 1961 வரை அவருடைய நாடு ரஃபாயேல் ட்ருஹியோவின் கொடுங்கோலாட்சியில் இருந்தது. அங்கே பெண்கள் 1942-இல் வாக்குரிமை பெற்றும், ஆட்சியாளரை மாற்ற இயலாத தேர்தலில்தான் அதைப் பயன்படுத்த முடிந்தது. அந்த ஆட்சியை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960 நவம்பர் 25-இல் கொல்லப்பட்டனர். அந்த நாளையே ஐ.நா. 1999-இல் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான நாளாக அறிவித்தது. உலக அரங்கில் பெர்னார்டினோ பெற்ற மதிப்பு அந்த ஆட்சிக்கும் நற்பெயர் தேடித்தந்தது என்பதை மறுக்க இயலாது. ஆகவே அவர் பெற்றுத்தந்த உரிமைகளை நன்றியுடன் ஏற்போம். ஆனால் அவருடைய வரலாற்றை எழுதுவோர் மிராபல் சகோதரிகளை விட்டுவிட்டு எழுதக் கூடாது.