குழந்தை அழுகிறது என்று லாட்ஜில் ரூம் மறுத்தால் பணம் திரும்ப வருமா?

கேள்வி: "பென்னாகரத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். விடியற்காலை முகூர்த்தம் என்பதால் முதல் நாள் ராத்திரி தங்க ஆப்பில் 1,800 ரூபாய் கட்டி ஒரு லாட்ஜில் ரூம் போட்டிருந்தோம். ரிசப்ஷனில் நிற்கும்போதே எங்கள் ஏழு மாதக் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டது. 'ராத்திரி முழுக்க இப்படி அழுதா மத்த ரூம்காரங்க சண்டைக்கு வருவாங்க, வேற இடம் பாத்துக்குங்க' என்று அனுப்பிவிட்டார்கள். மண்டபத்தில் ஜமக்காளம் விரித்துப் படுத்தோம். இப்போது ஆப்காரர்களிடம் கேட்டால், 'நீங்கள் வரவே இல்லை என்று லாட்ஜ் பதிந்திருக்கிறது, பணம் தர முடியாது' என்கிறார்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது. இனி ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும். ஒரு மாதம் ஒரு தாமதமே இல்லை, நுகர்வோர் வழக்குப் போட சட்டம் 2 வருஷம் தருகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தப்பான வாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "குழந்தையோடு வந்தவர்களை மறுப்பது அரசியல் சாசனத்துக்கே விரோதம்" என்று எழுதாதீர்கள். ஹோட்டல், கடை போன்ற இடங்களில் யாரையும் தடுக்கக் கூடாது என்று சொல்லும் 15(2)வது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைத்தான் பட்டியலிடுகிறது, வயது அதில் இல்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்று முன்கூட்டியே போட்டுவிடும் ரிசார்ட்டுகள் இருக்கின்றன. எனக்கு அது பிடிக்காது, ஆனால் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டார்கள் என்றால் அவர்களோடு மல்லுக்கு நிற்பது கஷ்டம்.

உங்கள் விஷயம் அப்படியே வேறு. பணத்தை வாங்கிவிட்டார்கள், ரூமை உறுதி செய்துவிட்டார்கள், புக்கிங்கில் எங்கேயும் குழந்தை கூடாது என்று இல்லை. அதற்கப்புறம் ராத்திரி நேரத்தில் கைக்குழந்தையோடு வாசலில் நிறுத்தினால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 'சேவை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே தங்கும் வசதி, சாப்பாட்டு வசதி இரண்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. 'லாட்ஜில் வந்து கட்டிக்கொள்ளலாம்' என்று புக் செய்திருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான், தருவதாக ஒப்புக்கொண்ட பணமும் கணக்கில் வரும்.

இனி அந்த "வரவே இல்லை" விவகாரம். குழந்தையை விரட்டியதைவிட எனக்கு அதிகக் கோபம் வருவது இதில்தான். வந்து நின்றவரை அனுப்பிவிட்டு, ஆப்பில் வரவில்லை என்று பதிந்தால் ரத்து விதிப்படி பணம் முழுக்க லாட்ஜுக்கே போகும், பழி உங்கள் தலையில். அதனால், யாருக்கு இந்த நிலை வந்தாலும் ரிசப்ஷனை விட்டு நகராதீர்கள். அங்கேயே நின்று ஆப்பின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யுங்கள், ஸ்பீக்கரில் போட்டு மேனேஜரையே பேசச் சொல்லுங்கள். லாட்ஜ் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, அப்புறம் லாட்ஜ் நம்பருக்கு "10.40க்கு வந்தோம், குழந்தை அழுவதால் ரூம் தரவில்லை என்று சொன்னீர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு நீலக் கோடு விழுந்தால் போதும். நடுராத்திரியில் போக்கிடமே இல்லாமல் தவித்தால் 112க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள்.

நீங்கள் அன்றைக்கு இதையெல்லாம் செய்திருக்க மாட்டீர்கள், குழந்தை அழும்போது யாருக்கு போட்டோ எடுக்கத் தோன்றும்? ஆனால் தடயம் இருக்கும், தேடுங்கள். போனில் கால் பட்டியல், கூகுள் மேப்பில் அன்றைய பயண வரலாறு, பக்கத்து டீக்கடையில் குழந்தைக்குப் பாலோ வெந்நீரோ வாங்கி ஜிபே செய்திருந்தால் அந்த இருபது ரூபாய்க் கணக்கு. எந்த நேரத்தில் எங்கே நின்றீர்கள் என்பதை அது சொல்லும். கூட வந்த உறவினர் யாராவது பார்த்திருந்தால் அவர் வாக்குமூலமும் உதவும்.

அடுத்து, ஆப்பின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள், சாதாரண சாட் வேண்டாம். மின்வணிக விதிகள் 2020இன்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதே நாளில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள், பல ஆப் விவகாரங்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். லாட்ஜுக்கு ஒரு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்டில் போகட்டும், 15 நாள் கெடு கொடுங்கள். ரூம் பணம், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு என்று தனித்தனியாகத் தொகை எழுதுங்கள். 1,800 ரூபாய்க்குப் பத்து லட்சம் கேட்டால் உங்கள் மேல்தான் சந்தேகம் வரும், நியாயமாகக் கேளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். லாட்ஜ் கிருஷ்ணகிரியில் இருக்கிறது என்பதற்காக அங்கே அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் தர்மபுரி மாவட்டத்திலேயே போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. முதல் எதிர்தரப்பினர் லாட்ஜ், இரண்டாம் எதிர்தரப்பினர் ஆப் நிறுவனம் என்று இரண்டு பேரையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் "தப்பு அவருடையது" என்று கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இன்னொன்று, அடுத்த பயணத்துக்காக. வீட்டில் தூளியில் தூங்கிப் பழகிய குழந்தை லாட்ஜ் மெத்தையில் தூங்காது, அழத்தான் செய்யும், அது யாருடைய தப்பும் இல்லை. ஒகேனக்கல் போனாலும் சரி, ஓசூர் போனாலும் சரி, புக் செய்யும்போதே ஆட்கள் எண்ணிக்கையில் குழந்தையையும் சேருங்கள், பிறகு லாட்ஜுக்கே போன் செய்து கைக்குழந்தை இருக்கிறது, வராந்தாவின் கோடியில் இருக்கும் ரூம் கிடைக்குமா, தூளி கட்டக் கொக்கி உண்டா என்று கேளுங்கள். ஃபேன் கொக்கியில் மட்டும் கட்டிவிடாதீர்கள். அவர்கள் சரி என்று சொன்னதை ஒரு வரி மெசேஜாகவும் அனுப்பி வைத்தால், வாசலில் வந்து நிற்கும்போது மாற்றிப் பேச முடியாது.

அந்தக் கல்யாணப் பத்திரிகை வீட்டில் இருக்கிறதா பாருங்கள். தேதியும் மண்டபத்தின் பெயரும் அதில் அச்சாகியிருக்கும், அன்றைக்கு நீங்கள் கிருஷ்ணகிரியில் ஏன் இருந்தீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்றுதான். மனுவோடு அதன் நகலையும் இணைத்துவிடுங்கள்.