நான்கு வருஷம் முடிந்தது, எட்டு வருஷம் முடியவில்லை

கேள்வி: என் மகன் கிரீன் கார்டில் இருந்தபோது, 2021-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தான். சேவையில் இருக்கும்போதே குடியுரிமை கிடைத்தது. நான்கு வருஷம் முடித்து 2025-இல் வெளியே வந்து, இப்போது டல்லாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். போன வாரம் நியூ ஜெர்சி எடிசனில் உள்ள எங்கள் வீட்டுக்கு ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட நாளில் ஆஜராக வேண்டுமாம். மறுபடி போருக்குக் கூப்பிடுகிறார்களா? 1,800 டாலர் கொடுத்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். 300 டாலர் முன்பணமும் மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கொடுத்துவிட்டோம். பேசாமல் அவனைக் கொஞ்ச நாள் சென்னைக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. சென்னையும் வேண்டாம், அந்த மீதி 1,500 டாலரும் வேண்டாம்.

முதலில் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். அதில் 'மஸ்டர்' என்று இருந்தால் அது ஒரு நாள் ஆஜர் மட்டும்தான். முகவரி, உடல்நிலை, காகிதங்களைச் சரிபார்ப்பார்கள், ஒரு சிறு தொகை படியாகத் தருவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். உண்மையான அழைப்பாணை வேறு மாதிரி இருக்கும். எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எந்த முகாமில், எத்தனை நாளுக்கு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் வகைதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் மகனே ராணுவத்தின் மனிதவளப் பிரிவைக் கூப்பிட்டு உறுதி செய்யட்டும். கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கிறது அந்த அலுவலகம். எண்ணை அவர்களுடைய அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுங்கள், வந்த கடிதத்திலிருந்து எடுக்காதீர்கள். 2020 ஜனவரியில் 'ஈரானுக்குப் புறப்படு' என்று பல பேருக்குப் போலிக் குறுஞ்செய்தி போய், அது பொய் என்று ராணுவமே அறிவிக்க வேண்டி வந்தது.

சரி, வெளியே வந்தவனை எப்படிக் கூப்பிட முடியும்? முதல் தடவை சேருகிறவர் கையெழுத்துப் போடுவது மொத்தம் எட்டு வருஷத்துக்கு. உங்கள் மகன் நான்கை முகாமில் கழித்தார். மீதி நான்கு, 2029 வரை, ஐ.ஆர்.ஆர். என்ற ரிசர்வ் பட்டியலில். சம்பளம் கிடையாது, மாதாந்திரப் பயிற்சி கிடையாது, பெயர் மட்டும் இருக்கும். வெளியே வரும்போது கொடுத்த டிடி 214 படிவத்தின் ஆறாவது கட்டத்தில் அந்தக் கடைசித் தேதி இருக்கும். 'ஹானரபிள்' என்ற சொல்லைப் பார்த்ததும் அதை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்களே தவிர, ஆறாவது கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டரும் அன்றைக்கு 'நாலே வருஷம்' என்றுதான் சொல்லியிருப்பார்.

அவசரநிலை அறிவித்துவிட்டால், அதிபர் ரிசர்விலிருந்து பத்து லட்சம் பேர் வரை, 24 மாதம் வரை கட்டாயமாக அழைக்கலாம். 2001 செப்டம்பர் 14-இல் அறிவித்த அவசரநிலையை வருஷா வருஷம் ஒரு கையெழுத்தில் நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்று ராணுவத்தில் இருக்கலாம். இது எந்த ஊர் அவசரமோ! ஆனாலும் இந்தப் பட்டியலிலிருந்து உண்மையில் அழைப்பது அபூர்வம். வளைகுடாப் போரின்போது சுமார் 20,000 பேர், 2004-இல் இராக்குக்காகச் சுமார் 5,600 பேருக்கு அறிவிப்பு. 2023 ஜூலையில் ஐரோப்பாவுக்காக பைடன் அனுமதித்தது அதிகபட்சம் 450 பேரைத்தான்.

இப்போது சென்னை விஷயம். உங்களைப் போன்ற குடும்பங்கள் தவறவிடுவது இதைத்தான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். உங்கள் மகனுக்குக் கிடைத்தது ராணுவ சேவையின் பேரில் வந்த குடியுரிமை. ஐந்து வருஷம் கண்ணியமாகச் சேவை செய்து முடிக்கும் முன்பு, நல்லபடியாக அல்லாத முறையில் ராணுவம் விலக்கினால், அந்தக் குடியுரிமையைத் திரும்பப் பெறச் சட்டம் இடம் தருகிறது. இங்கே பிறந்தவனுக்கு இந்தக் கத்தி கிடையாது, சாதாரண முறையில் குடியுரிமை வாங்கியவனுக்கும் கிடையாது. உங்கள் மகன் முகாமில் இருந்தது நான்கு வருஷம். ரிசர்வில் பெயர் இருந்த காலமும் அந்த ஐந்தில் சேருமா என்று கோர்ட்டில் வாதாடிப் பார்க்கும் நிலைக்கு அவரைக் கொண்டுபோகாதீர்கள். அழைப்பாணையைக் கண்டுகொள்ளாமல் விமானம் ஏறுவது அந்த வழியில் வைக்கிற முதல் அடி. கடிதம் கைக்கு வரவில்லை என்பதும் எடுபடாது, முகவரி மாறினால் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. இன்னும் எடிசன் முகவரிதான் பதிவில் இருக்கிறது போலிருக்கிறது. இன்றைக்கே டல்லாஸுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

நிஜமாகவே அழைப்பாணை வந்தால், உடல்நிலை, குடும்பக் கஷ்டம் போன்ற காரணங்களுக்காகத் தள்ளிவைக்கவோ விலக்கவோ மனு போடலாம். மனுவுக்குக் கட்டணம் இல்லை. எழுத்தில் பதில் வரும்வரை ஆஜர் தேதி நிற்கிறது என்று நினைக்காதீர்கள். மனு எழுத வக்கீல் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் 'ஆள் இருக்கிறார், முடித்துத் தருகிறேன்' என்று யார் சொன்னாலும், அவர் ஓய்வுபெற்ற சார்ஜென்ட்டாகவே இருந்தாலும், கதவைச் சாத்துங்கள்.

இன்னொரு வலை ரெக்ரூட்டரிடமிருந்தே வரும். 'மாதாந்திரப் பயிற்சி நடக்கும் எங்கள் ரிசர்வ் யூனிட்டில் சேர்ந்துவிடு, இல்லாவிட்டால் உன்னைக் கட்டாயமாக அனுப்பிவிடுவார்கள்' என்று போன் வரும். 2004-இலேயே இப்படிப் புகார்கள் கிளம்பின. யூனிட்டில் சேர்ந்தால் மாதா மாதம் பயிற்சிக்குப் போக வேண்டும், அழைக்கப்படும் வாய்ப்பும் கூடும். மகனுக்கே விருப்பம் இருந்தால் சேரட்டும், பயத்தில் வேண்டாம்.

வேலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ராணுவ அழைப்புக்காகப் போகிறவரின் வேலையை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. போகும் முன் மேலாளருக்கு மின்னஞ்சலில் சொல்லிவிட வேண்டும். 180 நாளுக்கு மேல் போயிருந்தால், திரும்பிய 90 நாளுக்குள் வேலையைத் திரும்பக் கேட்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை அந்த சோஷியல் செக்யூரிட்டி எண்தான். கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று கம்பெனிகளிலும், மகன் பேரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி அவருடைய கிரெடிட்டை முடக்கி வைக்கச் சொல்லுங்கள். 2018-லிருந்து அது இலவசம். அப்புறம், 300 டாலரைக் கார்டில் கட்டியிருந்தால் கார்டு கம்பெனியில் இன்றே புகார் கொடுங்கள்.